ஐந்தாவது வாரம்

முதல் ஆறு ஊசிக்கும் ஊரே கூட வந்தது.
ஊர் என்றால் மூன்று பேர்.
சகாயம், அவள் தம்பி லூர்து,
யார்டு ஃபிட்டர் நாகூர் மீரான்.

கெட்டமைன் சொட்டுச் சொட்டாக இறங்கிய நாற்பது நிமிடம்
கப்பலுக்கும் கரைக்கும் நடுவில்
கிரேனில் தொங்கும் பெட்டியாக இருந்தேன்.
உள்ளே என்ன சரக்கென்று எனக்கே தெரியாது.
இறக்கி வைத்தபின்
பக்கத்து வீட்டில் யாரோ மீன் செதில் உரசுவது
காதில் விழுந்தது.
இரண்டு வருஷமாக அந்த வீட்டில்
மீன் வாங்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

சரியாயிடுச்சு என்றார்கள்.
சரியாவது ஒரு நாள் வேலை.
அதற்கடுத்து வரும் செவ்வாய்க்கிழமை பற்றி
யாரும் பேசவில்லை,
டாக்டர் ஷம்ஷாத்தைத் தவிர.

அதனால் இப்போது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை.
காலையிலிருந்து வெறும் வயிறு.
திருவொற்றியூரிலிருந்து ஆட்டோ.
கொருக்குப்பேட்டை கேட்டில் எப்படியும் ஒரு சரக்கு ரயில்.
லூர்து வேகன் எண்ணுவான், நான் எண்ணுவதுபோல் இருப்பேன்.
பிரஷர் பார்ப்பார்கள், ஊசி, நாற்காலி, இரண்டு மணி நேரம்.
மறுநாள் தூங்கி எழும்வரை வண்டி தொடக்கூடாது.
முதல்நாளே சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவேன்.
கண் ஆஸ்பத்திரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
எந்தக் கண் என்று இதுவரை கேட்கவில்லை.

இரவு மாத்திரை இருக்கிறது.
விடியலில் தூண்டில் வளைவின் கடைசிக் கல்வரை நடை இருக்கிறது.
அந்தக் கல்லை எனக்கு
வேறு விதமாகவும் தெரியும்.
இப்போது அதைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

அப்புறம் நோட்டு.
தினமும் ஒரு எண், ஒன்றிலிருந்து பத்துக்குள்.
பத்து எப்படி இருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன்.
எழுதும்போது தெரியும் என்றார்.
இன்னும் எழுதியதில்லை.
ஏழு எழுதியிருக்கிறேன்,
மணலிப் பக்கம் புகை தெரியாத ஒரு மழைநாளில்.

போன முறை நான்காம் வாரமே
நான்கு, மூன்று, மூன்று.
வியாழக்கிழமை ஐந்து என்று எழுதினேன்.
பேனாவை மூடினேன்.
சகாயம் பார்த்தது நோட்டை அல்ல,
தட்டில் அப்படியே இருந்த சோற்றை.
ஒன்றும் கேட்காமல் மூடி வைத்துவிட்டுப் போனாள்.
ஐந்தை அடித்து
இரண்டு என்று எழுத
முக்கால் மணி நேரம் ஆனது.

லூர்துக்கு அனுப்பினேன்: தண்ணி வரல.
அது எங்களுக்குள் வைத்த சொல்.
முதல் தடவை அதை மறந்துபோய்
சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்தான்,
எங்கள் தெருவில் நிஜமாகவே தண்ணி வராத நாள்,
தெருவே அவனை வாழ்த்தியது.
இந்தத் தடவை ராத்திரி பதினொன்றுக்கு
காசிமேட்டிலிருந்து ஐஸ் வாடையோடு வந்தான்.
பக்கத்தில் உட்கார்ந்தான். பேசவில்லை.
தோளில் ஒரு கேன் இருந்தது.
எதுக்கும் இருக்கட்டும்னு, என்றான்
ரொம்ப நேரம் கழித்து.

டாக்டர் தேதியை முன்னால் இழுத்தார்.
இனி நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பார்ப்போம்.
பாஸான பையனை அதே வகுப்பில்
உட்காரவைத்ததுபோல் வீடு வந்தேன்.
நாகூர் மீரானிடம் சொன்னேன்.
அவன் வண்டிக்கடியில் படுத்திருந்தான், கால் மட்டும் வெளியே.
இருநூத்தம்பது மணிக்கு ஒருவாட்டி ஆயில் மாத்துறேன்,
ஓட்டம் ஜாஸ்தின்னா அதுக்கு முன்னயே மாத்துறேன்,
இந்த வண்டி என்னிக்காச்சும் வெக்கப்பட்டுச்சா,
அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானர எடு.

எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று நான்கு. இன்று எழுதவில்லை இன்னும்.
நோட்டு முடியப் போகிறது, கடைசி நாலு பக்கம்.
மளிகையோடு சேர்த்து
சகாயம் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறாள்,
எண்பது பக்கம், கோடு போட்டது.
பெயர் என்ற இடத்தில் அருளப்பன்.
வகுப்புக்கு நேரே ஒரு சின்னக் கோடு.
பாடம் என்ற இடத்தைக்
காலியாக விட்டிருக்கிறாள்.